நசீமா ராத்தாவுக்கு நான் போட்ட பூச்சியம்

1. நெட்போல் டீம்

முப்பது வருஷத்து நேர்ஸ் வேலையில் டொக்டர்மாரிடம் ஏச்சு வாங்காத மாதம் எனக்கு இருந்ததில்லை. ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவேன். ஒரேயொரு ஏச்சு மட்டும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தளம் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தோல், மூட்டு கிளினிக் என் பொறுப்பில் இருந்தது. எங்கள் டொக்டர் காலிப் பக்கத்துச் சிங்களவர். தமிழை நோயாளிகளிடமே கேட்டுப் பழகியவர். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம் பெண்கள் என்பதால் அவருடைய தமிழும் அச்சொட்டாக அவர்கள் பேசும் தமிழாகவே ஆகிவிட்டது. "எனத்த உம்மா செய்யுது?" என்று அவர் கேட்டால் புதிதாக வந்தவர்கள் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் வந்து ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"பரீதா மிஸ்ஸி, இந்த நசீமா உம்மாவ நம்மட நெட்போல் டீமுக்குச் சேப்பமா?"

ஒன்றும் விளங்காமல் கடிதத்தைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. அன்றாட வேலைகளில் இந்த நோயாளிக்கு எந்தச் சிரமமும் இல்லையென்று படிவம் காட்டுவதால் இப்போதைக்குக் கட்டில் தேவைப்படாது, வரிசையின் கடைசியில் பெயரை வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே நான் நிரப்பி அனுப்பிய படிவத்தின் பிரதி. இருபது கேள்விகள். இருபதுக்கும் என்னுடைய அழகான எழுத்தில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். சிரமம் இல்லையென்றால் பூச்சியம், முடியவே முடியாது என்றால் மூன்று என்பது அந்தப் படிவத்தின் கணக்கு.

"நான் பேப்பரப் பாக்கவா மிஸ்ஸி, விரலப் பாக்கவா?" என்றார் டொக்டர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

நசீமா ராத்தாவின் (அக்காவை நாங்கள் ராத்தா என்போம்) வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் புண் வந்து, அது கறுக்கத் தொடங்கியிருந்தது. அதைக் காப்பாற்றும் மருந்தைக் கொழும்பில் ஐந்து நாள் படுக்கவைத்துச் சேலைனோடு ஏற்றுவார்கள். கட்டில்கள் குறைவு. யாருக்குக் கஷ்டம் கூடவோ அவரை முதலில் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் படிவமே. நான் போட்ட பூச்சியங்களால் ஒரு மனுசியின் விரல் போகப் பார்த்தது.

"சேர், நீங்க போன் பண்ணிச் சொன்னா?"

"சொன்னேன். எல்லா டொக்டரும் தன்ட ஆள்தான் மோசம் எண்டு சொல்றாங்களாம். அதுவும் சரிதானே? பேப்பரச் சரியா நிரப்பி அனுப்பட்டாம். ஆனா மிஸ்ஸி, உங்கட மண்டையால யோசிச்சு நம்பர் போட வேணாம். அந்த உம்மாட வாயால வரணும்."

பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே சிங்க்கில் ஊற்றினேன்.

2. முதலை இருக்கிற இடத்தில் குளிக்கலாமா?

வருத்தத்தின் பெயர் சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸ். பெயரைக் கேட்டே நோயாளிக்கு இன்னொரு நோய் வந்துவிடும் என்பதால் நாங்கள் 'தோல் இறுகுற வருத்தம்' என்போம். தோல் இறுகி விரல்கள் மடங்கியபடி நின்றுவிடும். வாய் சிறுத்துவிடும். குளிர் பட்டால் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து நோகும். சிலருக்கு உணவுக் குழாய், நுரையீரல் வரை போகும். மருந்தால் கட்டுப்படுத்தலாம், அடியோடு துடைத்தெடுக்க முடியாது. அதனால் இவர்களிடம் 'எப்படி வாழ்கிறீர்கள்' என்று கேட்பதும் சிகிச்சையில் ஒரு பாதி என்று டொக்டர் சொல்வார். அதைக் கேட்கத்தான் கொழும்பிலிருந்து அந்த வாழ்க்கைத் தரப் படிவம் வந்தது.

படிவத்தை உண்டாக்கியவர்கள் குளிர் நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். தமிழாக்கியவர் வெளியில் இறங்காத ஆளாக இருக்க வேண்டும். 'குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடிகிறதா?' என்று ஒரு கேள்வி. எலுவன்குளத்திலிருந்து வந்த, வயல் செய்கிற கமக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"தொட்டி எனத்துக்கு? நாங்க குளத்துல குளிக்கிற."

"சரி, குளத்துல இறங்கி ஏற முடியுமா?"

"இறங்கலாம் மிஸ்ஸி. ஏறுறது முதலைட கையில."

'கத்தியால் இறைச்சியை வெட்ட முடிகிறதா?' என்று இன்னொன்று. அதை மதுரங்குளி இறைச்சிக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, முழு மாட்டையா, தொடையை மட்டுமா, எலும்போடா, எலும்பில்லாமலா என்று தொடங்கினார். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நான் ஒரு நம்பர் போட்டேன். என்ன நம்பர் என்று இப்போது ஞாபகம் இல்லை. அப்போதும் எனக்கு நிச்சயம் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. நசீமா ராத்தாவின் விஷயத்தில் பிழை கேள்வியில் இல்லை, பதிலை எழுதிய கையில்தான் இருந்தது.

3. பதில் ஒன்று, கேள்வி இருபது

நசீமா ராத்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்த சனத்தில் ஒருவர். ஆலங்குடாவில் குடியிருந்தார். வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். எங்கள் கிளினிக்குக்குப் புருஷனின் சொக்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டுதான் வருவார். யாரோ புண்ணியவான் தந்த ஏசி ஒன்று அந்த அறையில் ஓடும். வெளியே உப்பளத்து வெயில் என்பதால் எங்களுக்கெல்லாம் அது சொர்க்கம். ராத்தாவுக்கு ஐந்து நிமிஷத்தில் விரல் நீலமாகிவிடும். அந்த ஐந்து நிமிஷத்துக்குள்தான் நான் படிவத்தை நிரப்பினேன்.

"உடுப்பு உடுத்த, பொத்தான் போட சிரமம் இரிக்கா ராத்தா?"

"அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் மானத்தக் காப்பாத்தித் தந்திரிக்கான்."

பூச்சியம்.

"சமைக்க?"

"அல்ஹம்துலில்லாஹ். எங்கட ஊட்டுல மூணு நேரமும் அடுப்பு எரியுது மிஸ்ஸி."

பூச்சியம்.

"தண்ணிப் பைப் திருக?"

"அல்ஹம்துலில்லாஹ். இப்ப நல்லாத் தண்ணி வருது. முந்தி முகாம்ல இரிக்கக்குள்ளதான் கஷ்டம்."

பூச்சியம். இப்படியே இருபதும் ஓடியது. ஒரு இடத்திலும் அவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். மானம் இருந்தது, அடுப்பு எரிந்தது, தண்ணீரும் வந்தது.

எனக்குத்தான் விளங்கியிருக்க வேண்டும். நானும் முஸ்லிம் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீடுகளில் சுகம் கேட்டால் வாயில் முதலில் வருவது இறைவனுக்கு நன்றிதான். காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் அதுதான் வரும். என் முழங்கால் வீங்கியிருந்த அதே கிழமை டொக்டர் "மிஸ்ஸி, கால் எப்பிடி?" என்று கேட்டதற்கு நானும் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போயிருக்கிறேன். வெளியூர் நேர்ஸ் ஒருத்தி இருந்திருந்தால் 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்டு உண்மையைப் பிடித்திருப்பாள். எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பழக்கம் என்பதால் காதில் விழுந்ததும் கை பூச்சியம் போட்டது.

4. கதவுக்குப் பின்னால் தேங்காய்

கிளினிக்கில் இன்னொரு தரம் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று தெரிந்துவிட்டது. டொக்டரிடம் சொல்லிவிட்டு, லீவு நாளில் பஸ் ஏறி ஆலங்குடாவுக்குப் போனேன். சொல்லாமல் போனதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். பதில் வரவில்லை. பின்பக்கம் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போய்க் குசினிக் கதவைத் தள்ளினேன். உள்ளே கலீல் நானா, அதாவது நசீமா ராத்தாவின் புருஷன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவுகிற பலகையில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் பாதித் தேங்காயோடு எழும்பி, வைக்க இடமில்லாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். வெள்ளைத் தாடியில் தேங்காய்ப்பூ.

"மிஸ்ஸி, இது சும்மா. பலகை ஆடுதா எண்டு பாத்தேன்."

"அடுப்புல கறி கொதிக்குதே நானா?"

"அதுவும் சும்மா."

சத்தம் கேட்டு ராத்தா உள்ளேயிருந்து வந்தார். தலையில் கை வைத்தார். கையை வைக்கவும் முழுதாக முடியவில்லை, விரல்கள் மடங்கியபடி நின்றன. அந்த ஊரில் நசீமா ராத்தாவின் மீன் ஆணத்துக்கு, அதாவது மீன் குழம்புக்கு, பெரிய பெயர். பக்கத்து வீட்டுக்காரிகள் ருசி பார்க்கக் கோப்பையோடு வருவார்களாம். இரண்டு வருஷமாக அந்த ஆணத்தைக் கதவைப் பூட்டிக்கொண்டு காய்ச்சியது கலீல் நானா.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். படிவத்தை எடுத்தேன். இந்த முறை 'முடியுமா' என்று கேட்கவில்லை.

"ராத்தா, தேங்காய் துருவுறது யாரு?"

ராத்தா புருஷனைப் பார்த்தார். "அவர்தான்."

"சட்டைப் பொத்தான் போடுறது?"

"அவர்தான்."

"பைப் திருகுறது?"

"அவர்தான்."

"போத்தல் மூடி?"

"அதுவும் அவர்தான். அல்ஹம்துலில்லாஹ்."

அந்த 'அல்ஹம்துலில்லாஹ்' புருஷனுக்காகச் சொன்னது என்று விளங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலீல் நானாவோ ஒவ்வொரு 'அவர்தான்'-க்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, பத்தாவது கேள்வியில் ராத்தாவை முந்திக்கொண்டு தானே பதில் சொல்லத் தொடங்கினார். அவரை அடக்குவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. டொக்டர் சொன்னபடி ராத்தாவின் வாயால் வந்ததைத்தான் எழுதினேன். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.

"இதையெல்லாம் ஏன் ராத்தா அண்டைக்குச் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ல மிஸ்ஸி? ஊர விட்டு வந்த அண்டைக்கு இருந்ததப் பாத்தா இண்டைக்கு நாங்க ராசா ராணி. குறை சொன்னா நன்றி கெட்ட கதையாப் போயிடும்."

படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவரை யாரும் நிரப்பியதில்லை. வந்ததுதான் வந்தேன் என்று கேட்டேன். "இந்தக் கையால உங்களுக்கு ஆகக் கூடக் கவலை எது?"

ராத்தா விரல்களை மடியில் மறைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்ட மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம். நான் சஹன்ல உட்கார மாட்டேன்."

5. சஹன் என்றால் எந்த உறுப்பு?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கலியாணங்களில் பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறிகளும் குவித்து வைப்பார்கள். அதுதான் சஹன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து கையால் சாப்பிடுவார்கள். ஒருவர் முடிக்காமல் மற்றவர்கள் எழும்பிப் போவது அழகில்லை. ராத்தாவின் விரல்கள் சோற்றைக் கூட்டிப் பிடிக்காது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்க வேண்டும். புண் இருக்கிற கையைப் பொதுத் தட்டில் வைக்கவும் கூச்சம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கலியாணத்துக்கும் 'நோன்பு பிடிச்சிரிக்கேன்' என்று சொல்லித் தப்பியிருந்தார். ஊரில் அவருக்குப் பெரிய தக்வாதாரி, இறையச்சம் மிக்கவர் என்று பெயர் வந்துவிட்டது. சொந்த மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் உம்மாவோடு ஒரே சஹனில் இருக்க வேண்டும். அன்றைக்கும் நோன்பு சொல்லிவிட்டுக் குசினியில் நிற்பது என்று முடிவெடுத்திருந்தார்.

விரலுக்காகப் போன நான், அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'மகளின் திருமணத்தில் சஹனில் உட்கார முடியாது.'

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன டொக்டர்.

"மிஸ்ஸி, நம்பர் எல்லாம் விளங்குது. சஹனில உட்கார ஏலாது எண்டு எழுதியிருக்கிறியள். அது இடுப்பு மூட்டோ, தசையோ?"

"அது தட்டு, டொக்டர்."

"தட்டில ஏன் ஆக்கள் இருக்க வேணும்?"

விளங்கப்படுத்தினேன். அந்தப் பக்கம் பேனை கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கலியாணம் எப்ப?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம்."

"அப்ப இந்தக் கிழமையே வரச் சொல்லுங்கோ. பிந்த வேண்டாம்."

ஐந்து நாள் மருந்து ஏறியது. கலீல் நானாவும் கொழும்புக்குப் போய் வார்டு வாசலில் நின்று, ராத்தாவின் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நேர்ஸ்மாரிடம் சண்டை பிடித்ததாகக் கேள்விப்பட்டேன். விரல் தப்பியது. நுனியில் ஒரு வடு மட்டும் மிஞ்சியது, புண் காய்ந்தது. ஆனால் மடங்கிய விரல் நிமிரவில்லை, வாய் பெரிதாகவில்லை. மருந்து செய்யக்கூடியது அவ்வளவுதான். மிச்சம் அந்தத் தட்டில் இருந்தது.

6. ஆறு கரண்டி

கலியாணம் மதுரங்குளியில், மாப்பிள்ளை பக்கத்து மண்டபத்தில். எனக்கும் அழைப்பு வந்தது. என் ஹேண்ட்பேக்கில் ஆறு கரண்டிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஆறு பேரும் கரண்டியால் சாப்பிட்டால் ராத்தா மட்டும் வித்தியாசமாகத் தெரிய மாட்டார் என்பது என் திட்டம். அதை நினைத்து எனக்கே என்மேல் பெரிய மதிப்பு வந்திருந்தது.

சஹன் வந்தது. கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்தார்கள், ஐஸ் மாதிரி. நான் ராத்தாவின் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள், பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையின் இடுக்கால் ஒரு கை மட்டும் நீண்டது. கையில் பிளாஸ்க். "சுடுதண்ணி" என்று கலீல் நானாவின் குரல். பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ராத்தாவுக்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் உம்மா. ஹார்ட்வெயார் கடை முதலாளியின் மனைவி, ஆள் பார்வையாலேயே கணக்கெடுக்கிற பேர்வழி. நான் கரண்டிகளை வெளியே எடுத்ததும் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எனத்துக்கு மிஸ்ஸி? ஐஸ்கிரீம் வரப்போகுதா?"

"இல்ல, ஆஸ்பத்திரிப் பழக்கம், சுத்தம்…" என்று நான் உளறத் தொடங்கினேன். திட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. மற்றவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். ராத்தா எழும்பிவிடுவார் என்று நினைத்தேன். முழங்கால் அசைந்தது, நான் பார்த்தேன்.

ஆனால் அவர் எழும்பவில்லை. கையிரண்டையும் தட்டுக்கு மேலே, எல்லாருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"மிஸ்ஸி எனக்காகத்தான் கொண்டு வந்தாங்க. எனக்கு வருத்தம் இரிக்கி. தொத்தாது. விரல் நிமிராது, வாய் திறக்காது. நான் சாப்பிட்டு முடிக்க நேரம் எடுக்கும். நீங்க எழும்பிப் போனாலும் கோவமில்ல."

மாப்பிள்ளையின் உம்மா ராத்தாவின் கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்து வாயை மறைத்தார். மறைத்த கை கீழே வந்தபோது அதற்குள் மேல்வரிசைப் பல்லுச் செட் இருந்தது.

"மாஷா அல்லாஹ் சம்மந்தி, நீங்க மெதுவாச் சாப்பிடுற ஆளா?" என்றார், வார்த்தைகள் காற்றோடு வந்தன. "ரெண்டு வருசமா இந்தச் செட்டோட கலியாண ஊட்டுல இறைச்சியச் சும்மா வாய்ல வெச்சி வெச்சி எடுக்கேன். ஒருத்தருக்கும் சொல்லல்ல. கரண்டிய அவங்களுக்குக் குடுங்க மிஸ்ஸி. எனக்கு அந்த மெது மெதுவான ஈரலத் தாங்க."

அந்தச் சஹன் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போனது. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர்கள் இருமிக் காட்டினார்கள். நாங்கள் ஆறு பேரும் அசையவில்லை. எனக்கு வயிறு நிரம்பி அரை மணித்தியாலம் ஆகியும் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் சாப்பிட்டதும் இல்லை, இவ்வளவு சிரித்ததும் இல்லை.

7. படிவத்தில் இல்லாத கட்டம்

வேலையில் நான் படித்தது சின்னது. சுகம் கேட்டால் சனம் நன்றியைத்தான் சொல்லும். அது அவர்களுடைய மரியாதை, நோயின் அளவு அதில் இல்லை. வேலை யார் செய்கிறார்கள், எங்கே போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் ஏசியை நிற்பாட்டுங்கள். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் வியர்வையில் நனைந்துதான் படிவம் நிரப்பினோம், ஸ்டாஃப் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

கலியாணம் முடிந்து அடுத்த கிளினிக்குக்கு நசீமா ராத்தாவும் கலீல் நானாவும் வந்தார்கள். பழக்க தோஷத்தில் என் வாய் பழைய கேள்வியையே கேட்டுவிட்டது.

"எப்பிடி ராத்தா இரிக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் பேனையை மூடப் போனேன். "மூடாதீங்க மிஸ்ஸி. இடது கை நடுவிரல் ரெண்டு நாளா நோகுது. ராவைக்குச் சாப்பாடு நெஞ்சில நிக்கிது. ரெண்டையும் எழுதுங்க."

எழுதினேன். நன்றியும் நோவும் ஒரே மூச்சில் வந்ததை அந்தக் கிளினிக்கில் அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டேன்.

பின்னால் கதிரையில் இருந்த கலீல் நானா, ஆலங்குடாக்காரர்கள் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தே, குரலை உயர்த்தினார்.

"மீன் ஆணம் காய்ச்சுறது நான். அதையும் எழுதுங்க மிஸ்ஸி."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.